பின்தொடரும் வீடு

மாட்டு வண்டியில் ஏறிச் சென்ற பழக்கம் உடையவர்கள் ஒரு செய்தியை மறந்திருக்க மாட்டார்கள். வண்டி மேட்டில் ஏறத் தொடங்கியதும் வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் முன்னாலே நகருங்க" என்பார். இறக்கம் வந்ததும், "கொஞ்சம் பின்னாலே தள்ளி உட்காருங்க" என்பார். திருவிழாவுக்குச் செல்லும் வழியில் இது வண்டிக்காரர் எங்களைப் படுத்தும் பாடு என்றே சிறுவர்களாகிய நாங்கள் எண்ணியிருந்தோம். ஒரு நாள் அவர் சொல்லியும் கேளாமல் நான்கைந்து பேர் வண்டியின் பின்புறத்திலேயே அடைந்து உட்கார்ந்துகொண்டோம். ஏரிக்கரை மேட்டில் வண்டி ஏறியபோது நுகத்தடி மேலே எழும்பிற்று. கழுத்துக் கயிறு இறுகி மாடுகள் திணறின. வண்டிக்காரர் கீழே குதித்து நுகத்தடியைப் பிடித்துத் தொங்கினார். எங்களை அவர் வையவில்லை. "பின்பாரம் ஆகாது, தம்பிகளா" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு பெரிய விஞ்ஞான உண்மை அடங்கியிருந்தது என்பதை நெடுங்காலத்துக்குப் பிறகே நான் உணர்ந்தேன்.

மாணவ நண்பர்களே! அந்த உண்மையைக் கடல் கடந்த ஒரு நாட்டு மக்கள் பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்ட வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்க ஐக்கிய நாட்டின் நெடுஞ்சாலைகளில் ஒரு காட்சியை அடிக்கடி காணலாம். முன்னே ஒரு சிறு லாரி செல்லும். ஓட்டுநர் அறைக்குப் பின்னால் திறந்த பெட்டி ஒன்றை உடைய அந்த லாரியைப் பிக்கப் என்பர். அதன் பின்னே, சக்கரங்களின்மேல் அமைந்த ஒரு வீடு தொடர்ந்து வரும். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, விளக்கு, குளியலறை ஆகிய யாவும் அதனுள் இருக்கும். டிராவல் டிரெய்லர் என்பது அதன் பெயர். டிரெய்லர் என்றே சுருக்கமாகச் சொல்வோம். 20 அல்லது 30 அடி நீளமும், இரண்டு முதல் நான்கு டன் வரை எடையும் உள்ள அந்த வீட்டை லாரியோடு பிணைப்பது எது தெரியுமா? உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஓர் இரும்பு உருண்டை! லாரியின் பின்புறத்தில் அந்த உருண்டை பொருத்தப்பட்டிருக்கும். டிரெய்லரின் முன் முனையில் உள்ள கிண்ணம் அதன்மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். ஒரு குடும்பத்தின் உயிரும் உடைமையும் அந்தச் சிறு பூட்டை நம்பியே செல்கின்றன. எனவே, டிரெய்லரின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்தப் பூட்டின் வரலாறே எனலாம்.

வீட்டுப் பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு நெடுந்தூரம் செல்வது அமெரிக்கருக்குப் புதிதன்று. 1840ஆம் ஆண்டுகளில் மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரிகன் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 2,000 மைல் வழியை மக்கள் கூண்டு வண்டிகளில் கடந்தனர். துணிக்கூரை வேய்ந்த அந்த வண்டிகளைக் காளைகளும் கோவேறு கழுதைகளும் இழுத்தன. மக்கள் வண்டியில் அமர்ந்து சென்றார்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதுவன்று. பெரும்பாலோர் வண்டியின் அருகே நடந்தே சென்றனர். வண்டி முழுவதையும் மாவும் உப்புக்கண்டமும் கருவிகளும் அடைத்துக்கொண்டிருந்தன. மலைவழி தொடங்கியதும் காளைகள் தளர்ந்தன. அப்போது, ஆசையோடு ஏற்றிவந்த இரும்பு அடுப்புகளையும் மேசைகளையும் பெட்டிகளையும் வழிநெடுகப் போட்டுவிட்டுச் சென்றனர். அளவு மீறிய பாரம் அச்சை முறிக்கும் என்று வள்ளுவர் கண்ட உண்மையை அந்த மக்கள் தம் பாதையோரத்திலே கண்டார்கள்.

பிழைப்புக்காக அல்லாமல் இன்பத்துக்காக வீட்டை வண்டியில் கொண்டு சென்றவர்களுள் முன்னோடியாக ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் கார்டன் ஸ்டேபில்ஸ் என்பவரைக் கூறுவர். கடற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்ற அவர், சிறுவர்களுக்குக் கதை எழுதுவதில் பேர்பெற்றவர். 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத் தொழிற்சாலை ஒன்றில் 'வாண்டரர்' என்ற வண்டி வீட்டை அவர் செய்வித்தார். இரண்டு குதிரைகள் இழுத்த அந்த வீட்டில், தென் இங்கிலாந்தின் ட்வைஃபோர்டிலிருந்து வட ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் வரை அவர் பயணம் செய்தார். குறுகிய சாலைகளில் இவ்வளவு பெரிய வண்டி வருகிறது என்று எதிரே வருவோருக்கு அறிவிக்க, அவருடைய பணியாள் ஒருவர் மிதிவண்டியில் முன்னே செல்வது வழக்கம். அந்த மிதிவண்டிக்குச் சக்கரங்கள் மூன்று. நகைப்புக்குரிய செய்தியாகத் தோன்றினாலும், பெரிய பாரத்தை இழுத்துச் செல்பவன் பிறர்க்கும் பொறுப்பாளி என்ற நல்லறிவு அதில் உண்டு.

பிறகு மோட்டார் யுகம் பிறந்தது. 1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு வெளியிட்ட 'மாடல் டி' என்னும் மோட்டார் வண்டி, எளிய மனிதனுக்கும் ஊர் சுற்றும் ஆற்றலை அளித்தது. மக்கள் கூடாரத்தையும் தகர டப்பாவில் அடைத்த உணவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டனர். 1919ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள டி சோட்டோ பூங்காவில் கூடிய பயணிகள் ஒரு சங்கமே அமைத்துக்கொண்டனர். 'தகர டப்பாப் பயணிகள்' என்பது அதன் பெயர். மோட்டாரின் முன்னால் ஒரு தகர டப்பாவைப் பற்றவைத்துக்கொள்வதே அவர்களுடைய அடையாளம்.

கூடாரத்தில் தங்குவதற்குப் பதிலாக வீட்டையே பின்னால் இழுத்துச் சென்றால் என்ன என்ற எண்ணம் இயல்பாகவே எழுந்தது. ஆனால், இழுப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு டெட்ராயிட் நகரத்துக் கொல்லர் ஒருவர் முன்பே ஒரு விடை கண்டிருந்தார். ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்பது அவர் பெயர். 1914ஆம் ஆண்டில் மரவியாபாரியான ஃபிரடெரிக் சிப்லி, தம்முடைய படகை ஏரிக்கு எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டுமென்று அவரிடம் வந்தார். மாடல் டி மோட்டாரின் பின்னால் பூட்டத்தக்க இருசக்கர வண்டி ஒன்றை ஃப்ரூஹாஃப் செய்து கொடுத்தார். படகு நன்றாகப் போய்ச் சேர்ந்ததைக் கண்ட சிப்லி, மரம் ஏற்றவும் அத்தகைய வண்டிகளைச் செய்யச் சொன்னார். இன்று உலகமெங்கும் ஓடும் பெரிய டிரெய்லர் லாரிகளின் தொழில் இவ்வாறு ஒரு படகிலிருந்து தொடங்கிற்று.

அடுத்து வருபவர் விமானக் கலையில் புகழ்பெற்ற கிளென் கர்டிஸ். 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் அவர் ஃபுளோரிடாவில் 'ஏரோகார்' என்னும் டிரெய்லரைத் தயாரிக்கலானார். பூட்டுமிடத்தில் தோன்றும் அதிர்ச்சியே பயணத்தைக் கெடுக்கிறது என்பதை அவர் உணர்ந்தார். ஆகவே, இழுக்கும் மோட்டாரின் பின்பகுதியில் காற்றடைத்த டயர் ஒன்றைப் படுக்கை வசமாகப் பொருத்தினார். டிரெய்லரின் முளை அந்தச் சக்கரத்தின் நடுவில் இறங்கி நின்றது. குலுக்கலை எல்லாம் டயர் தாங்கிக்கொண்டது. விமானத்திலே கற்ற பாடம் சாலைக்கு வந்தது.

டிரெய்லரைப் பெருந்தொழிலாக்கியவர் இவர்கள் இருவரும் அல்லர். நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரான ஆர்தர் ஷெர்மன் என்பவர். டெட்ராயிட்டில் மருந்து நிறுவனம் ஒன்றை நடத்திய அவர், 1929ஆம் ஆண்டில் விடுமுறைக்காக ஒரு கூடார டிரெய்லரை வாங்கினார். சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று விற்றவர்கள் சொல்லியிருந்தனர். முதல் இரவே மழை பிடித்துக்கொண்டது. கூடாரம் எளிதில் விரியவில்லை; குடும்பமே நனைந்தது. 'இதைவிட நன்றாக நானே செய்வேன்' என்று துணிந்த ஷெர்மன், உறுதியான சுவரும் கூரையும் உள்ள டிரெய்லரைச் செய்தார். பழைய கூண்டு வண்டியின் நினைவாக அவருடைய குழந்தைகள் அதற்கு 'கவர்டு வேகன்' என்று விளையாட்டாகப் பெயரிட்டனர். 1930ஆம் ஆண்டு டெட்ராயிட் மோட்டார்க் கண்காட்சியில் அதை 400 டாலர் விலையில் வைத்தார். ஆறே ஆண்டுகளில் அவருடைய நிறுவனம் நாட்டிலேயே மிகப் பெரிய டிரெய்லர்த் தொழிற்சாலையாக உயர்ந்தது.

மேற்குக் கடற்கரையிலே மற்றொருவர் தோன்றினார். அவர் ஆரிகன் மாநிலத்தில் 1896ஆம் ஆண்டில் பிறந்த வாலி பையம். பத்திரிகைத் தொழிலில் இருந்த அவர், டிரெய்லர் செய்யும் முறை பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன்படி செய்து பார்த்த வாசகர்கள், சரியாக அமையவில்லை என்று குறைகூறி எழுதினர். பையம் அவர்களோடு வாதாடவில்லை. தாமே ஒரு டிரெய்லரைச் செய்து பார்த்து, பிழை எங்கே என்று கண்டார். எழுதியதைத் தம் கையால் சோதித்துப் பார்த்த அந்த நேர்மையிலிருந்தே 'ஏர்ஸ்ட்ரீம்' என்ற நிறுவனம் 1931இல் முளைத்தது. 1927இல் லிண்ட்பெர்க் தனியே அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானம் கட்டப்பட்டபோது அந்த வேலையை மேற்பார்வையிட்ட ஹாலி பௌலஸ் என்பவர், 1934இல் அலுமினியத் தகடுகளை ஆணியறைந்து இணைத்து ஒரு டிரெய்லரைச் செய்திருந்தார். அதில் ஒரு குறை. வாசற்கதவு முன்புறத்தில், பூட்டுக்கு நேர் மேலே இருந்தது. பையம் அந்த அமைப்பை மேற்கொண்டு, கதவைப் பக்கவாட்டுக்கு மாற்றி, 1936இல் 'கிளிப்பர்' என்ற பெயரில் வெளியிட்டார். அந்நாளில் இருந்த நூற்றுக்கணக்கான டிரெய்லர் நிறுவனங்கள் மறைந்தன, ஏர்ஸ்ட்ரீம் நிலைத்தது.

இவ்வீடுகளை இழுக்கத் தொடக்கத்தில் சாதாரண மோட்டார் வண்டிகளே பயன்பட்டன. பிக்கப் லாரி உழவனின் வண்டியாக மட்டுமே இருந்தது. 1925இல் ஃபோர்டு நிறுவனம் தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்திய பிக்கப்பை 281 டாலருக்கு விற்றது. வைக்கோலும் பால் குடமும் ஏற்றவே மக்கள் அதை வாங்கினர். ஆயினும், அதன் உடல் கனத்த இரும்புச் சட்டத்தின்மேல் அமைந்தது. பின் அச்சு பாரம் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மோட்டார் வண்டிகள் எடை குறைந்து மெலிந்தபோது, வீட்டை இழுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பிக்கப்பின் தலைமேல் வந்து சேர்ந்தது. கர்டிஸ் கண்ட கருத்தும் அதனோடு திரும்பி வந்தது. டிரெய்லரின் முளை, லாரிக்குப் பின்னால் அல்லாமல், லாரிப் பெட்டியின் உள்ளேயே பின் அச்சுக்கு நேர் மேலாகப் பூட்டப்படும் முறை பரவலாயிற்று. இதற்கு 'ஐந்தாம் சக்கரம்' என்று பெயர். குதிரை வண்டிகளின் முன் அச்சின்மேல் படுத்த வாக்கில் இருந்த திருப்பு வளையத்தின் பெயரே இது.

இனி, வண்டிக்காரர் சொன்ன பின்பாரத்துக்கு வருவோம். டிரெய்லரின் பாரமையம் அதன் அச்சுக்குச் சற்று முன்னே இருக்க வேண்டும். அப்போது அதன் முன் முனை லாரியின் உருண்டையை ஓரளவு அழுத்திக்கொண்டிருக்கும். உருண்டையில் பூட்டும் டிரெய்லருக்கு இந்த அழுத்தம் அதன் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இருக்க வேண்டுமென்பது அனுபவத்தால் அறியப்பட்ட விதி. 5,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லரானால் 500 முதல் 750 பவுண்டு வரை அழுத்த வேண்டும். ஐந்தாம் சக்கர முறையில் இந்தப் பங்கு இன்னும் மிகுதி.

பின்பாரம் ஆனால் என்ன நேரும்? மாட்டு வண்டியில் நுகத்தடி தூக்கும்; அதோடு தீர்ந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் டிரெய்லரிலோ வேறொரு பேரிடர் விளையும். எதிர்ப்பட்ட பெரிய லாரியின் காற்று வீட்டைச் சற்றே ஒருபுறம் தள்ளுகிறது என்று கொள்வோம். பாரம் முன்னே இருந்தால் அந்த ஆட்டம் தானாக அடங்கிவிடும். பாரம் பின்னே இருந்தால் ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதைவிடப் பெரிதாகும். இடமும் வலமுமாகச் சில முறை ஆடுவதற்குள் வீடு லாரியையே பிடித்து உலுக்கத் தொடங்கிவிடும். வேகம் மிகுந்தால் ஆட்டமும் மிகும். அந்த நொடியில் ஓட்டுபவர் அஞ்சி, லாரியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பாரானால், பின்னால் வரும் நான்கு டன் வீடு லாரியை முட்டித் திருப்பிவிடும். செய்ய வேண்டுவது வேறு. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் கூட்டும் மிதியிலிருந்து காலை மெல்ல எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். அப்போது பின்வண்டி லாரியைத் தள்ளாமல் பின்னோக்கி இழுத்து நேராகும்.

முன்பாரம் மிகுந்தாலும் தீங்கே. லாரியின் பின்புறம் தாழும், முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் மிதக்கும், திருப்புதல் தளரும். இதைச் சீர்செய்யப் பூட்டின் இருபுறமும் வில் இரும்புக் கம்பிகள் அமைக்கிறார்கள். அவை நெம்புகோல்போல் இயங்கி, உருண்டையின்மேல் விழும் பாரத்தில் ஒரு பகுதியை லாரியின் முன் சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கின்றன. ஆர்க்கிமிடீஸ் கண்ட நெம்புகோல் இங்கும் வேலை செய்கிறது!

டிரெய்லருக்குத் தனி பிரேக் எப்படி வந்தது? வேகங்காட்டும் கருவியால் பெயர்பெற்ற ஏ. பி. வார்னர் என்பவர், 1920ஆம் ஆண்டுகளின் இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்துப் பெலாயிட் நகரில் மின்சார பிரேக்கை உருவாக்கினார். சக்கரத்தின் உருளைக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். லாரியிலிருந்து மின்சாரம் பாய்ந்ததும் காந்தம் உருளையைப் பற்றி, பிரேக் கட்டைகளை விரிக்கும். இதற்குத் துணையாக வேறு இரண்டு காவல்களும் உண்டு. பூட்டுக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்கே மாற்றிப் பிணைப்பர். பூட்டுக் கழன்றாலும் டிரெய்லரின் முன் முனை தரையில் குத்தாமல் அச்சங்கிலிகள் ஏந்திக்கொள்ளும். சங்கிலியும் அறுந்துபோனால், லாரியோடு கட்டிய ஒரு சிறு கம்பி முளையைப் பிடுங்கிவிடும்; உடனே டிரெய்லரில் உள்ள பாட்டரி அதன் பிரேக்கைத் தானே அழுத்தும். பூட்டு, சங்கிலி, கம்பி என்று ஒன்றை ஒன்று காக்கும் இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ சிலர் பட்ட துன்பம் இருக்கிறது.

கல்வி நூலில் இருந்தால் போதாது. கையில் இருக்க வேண்டும் என்பதை 1951ஆம் ஆண்டின் பயணம் ஒன்று காட்டிற்று. அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வாலி பையம் டெக்ஸாஸ் மாநிலத்தின் எல் பாஸோ நகரிலிருந்து 63 டிரெய்லர்களை மத்திய அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். புறப்பட்டபோது ஒரே கொண்டாட்டம். சேறும் கல்லும் மலைச்சரிவும் எதிர்ப்பட்டதும் கொண்டாட்டம் குன்றிற்று. நிக்கராகுவா நாட்டை எட்டியவை 14 டிரெய்லர்கள் மட்டுமே. பையம் மனந்தளரவில்லை. வழியில் பழுதானவற்றை எல்லாம் பாடமாகக் கொண்டு டிரெய்லர்களைத் திருத்தினார். 1959ஆம் ஆண்டில் 41 டிரெய்லர்களோடு ஆப்பிரிக்காவின் தென்கோடியிலுள்ள கேப் டவுனிலிருந்து புறப்பட்டு, மறு ஆண்டில் எகிப்தின் கெய்ரோவை அடைந்தார். அப்பயணத்தில் வீட்டை இழுத்தவற்றுள் பிக்கப் லாரிகள் பல. எத்தியோப்பியாவின் சேற்றுப் பாதைகளில் ஒரு வண்டியைக் கரையேற்றப் பல வண்டிகள் கைகொடுத்தன. நெடுவழியில் வெற்றி தருவது இயந்திரத்தின் வலிமை மட்டும் அன்று. தினந்தோறும் செய்யும் பேணுதலும், உடன் வருவோரின் ஒற்றுமையுமே.

பேணுதல் என்றேன். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். சக்கரத்தின் நடுவே உள்ள பேரிங்குகளை ஆண்டுக்கொரு முறை கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் அடைக்க வேண்டும். நம் வண்டிக்காரர் அச்சுக்கு மசகு இடுவது போன்றதே இது. சக்கரத்தின் திருகு மரைகளை முதல் 50 மைல் ஓடியதும் மீண்டும் ஒரு முறை முடுக்க வேண்டும். டிரெய்லரின் டயர் தேய்ந்து அழிவதைவிட, ஓடாமல் வெயிலில் நின்றே மிகுதியாக அழிகிறது. மேல்தோற்றத்தில் புதிதாக இருக்கும், உள்ளே வெடித்திருக்கும். ஆகவே, தேய்மானத்தை மட்டும் பாராமல் வயதையும் பார்த்து மாற்ற வேண்டும். கூரையின் இணைப்புகளில் பூசிய பசை வறண்டு பிளந்தால் மழைநீர் ஓசையின்றிக் கசியும்; ஒரு நாள் சுவரில் கை வைத்தால் மரச்சட்டம் மக்கிப் பொடியாக உதிரும். எரிவாயுக் குழாயின் மூட்டுகளில் சோப்பு நீர் தடவி, குமிழி எழுகிறதா என்று நோக்க வேண்டும். குளிர்காலம் வருமுன் தண்ணீர்க் குழாய்களை வடித்துவிட வேண்டும். நீர் உறைந்தால் விரியும், விரிந்தால் குழாய் வெடிக்கும் என்பதைப் பௌதிகம் படித்த மாணவர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றுள் எதுவும் கடினமான வேலையன்று. ஆனால், எந்த ஒன்றை விட்டாலும் அது தக்க சமயத்தில் நம்மை விட்டுவிடும்.

இந்த வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. டிரெய்லர் இன்பப் பயணத்துக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார வீழ்ச்சியிலும் புழுதிப் பஞ்சத்திலும் நிலமிழந்த உழவர்கள், பழைய லாரிகளிலும் தாமே ஆணியடித்த டிரெய்லர்களிலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவை நோக்கிச் சென்றனர். ஊர் சுற்ற வந்த பயணியை வரவேற்ற நகரங்கள், வேலை தேடி வந்தவனின் டிரெய்லரைக் கண்டு முகம் சுளித்தன. அதே காலத்தில் ரோஜர் பாப்சன் என்ற பொருளியல் கணிப்பாளர், 20 ஆண்டுகளில் அமெரிக்க மக்களுள் பாதிப்பேர் டிரெய்லரிலேயே வாழ்வார்கள் என்று கூறினார். அக்கணிப்பு பொய்த்தது. இரண்டாம் உலகப் போரில், மிச்சிகன் மாநிலத்து வில்லோ ரன் போன்ற விமானத் தொழிற்சாலைகளின் அருகே தொழிலாளர் குடும்பங்கள் டிரெய்லர்களில் குடியிருந்தன. ஓடுவதற்குச் செய்த வீடு, நிற்பதற்குப் பயன்பட்டது.

அதன் விளைவு 2005ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. காத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் நகரமும் அதைச் சூழ்ந்த கடற்கரையும் அழிந்தபோது, அரசாங்கம் 1,00,000க்கும் மேற்பட்ட டிரெய்லர்களையும் நகரும் வீடுகளையும் வாங்கி, வீடிழந்தோருக்கு வழங்கிற்று. நோக்கம் நல்லதே. ஆனால், சில நாள் விடுமுறைக்கென அவசரமாகச் செய்யப்பட்ட அந்த அடைத்த பெட்டிகளில் மக்கள் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் வாழ நேர்ந்தது. மரப்பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து எழுந்த ஃபார்மால்டிஹைட் என்னும் வாயு, சாதாரண வீடுகளில் இருப்பதைக் காட்டிலும் மிகுதியாக இருந்ததென்று அரசாங்கத்தின் நோய்த்தடுப்பு மையம் 2008இல் அறிவித்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலும் உற்ற குழந்தைகளின் பெற்றோர் முன்பிருந்தே முறையிட்டு வந்தனர். ஒரு பொருளின் அளவறியாமல் அதன்மேல் பாரம் ஏற்றுவது, எடையால் மட்டும் நிகழ்வதன்று, காலத்தாலும் நிகழ்கிறது.

மாணவர்களே, உங்களுக்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். இரண்டு சக்கரங்கள் உள்ள ஒரு விளையாட்டு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னால் ஒரு குச்சியைக் கட்டி, குச்சியின் நுனியை உங்கள் விரல்மேல் வையுங்கள். வண்டியின் முன்பகுதியில் சில கற்களை வைத்தால் குச்சி விரலை அழுத்தும். கற்களை மெல்ல மெல்லப் பின்னே நகர்த்துங்கள். அழுத்தம் குறைந்து குறைந்து, ஓரிடத்தில் குச்சி விரலை விட்டு எழும்பிவிடும். அந்த இடம் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் பவுண்டு எடையுள்ள வீட்டை இழுத்துச் செல்பவர் அறிய வேண்டிய முதற்பாடம் அதுவே.

அமெரிக்க நெடுஞ்சாலையில் தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் புறப்படுமுன் என்ன செய்கிறார்? லாரியையும் வீட்டையும் ஒரு முறை சுற்றி வருகிறார். பூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். சங்கிலியை அசைத்துப் பார்க்கிறார். டயரைக் குனிந்து நோக்குகிறார். பின் விளக்கு எரிகிறதா என்று துணைவியாரைக் கூப்பிட்டுக் கேட்கிறார். சில நிமிட வேலை. பிறகுதான் ஓட்டுநர் இருக்கையில் ஏறுகிறார். நம் ஊர் வண்டிக்காரரும் மாடு பூட்டியவுடன் ஏறி அமர்ந்ததில்லை. கடையாணியைத் தட்டிப் பார்ப்பார். கயிற்றை இழுத்துப் பார்ப்பார். பின்னால் திரும்பி எங்களை எண்ணிப் பார்ப்பார். அதற்குப் பிறகே வண்டி நகரும்.